தெற்கே வாசல் இல்லாத ஊர்

சோகிர்குதிக்கில் எல்லா வீட்டு வாசலும் வடக்கே பார்த்திருந்தது.

ஜெய்னெப் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஏழு வருஷம் ஆகிறது. அத்தனை நாளும் அந்த வாசல்களில்தான் நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். ஆனாலும் அவள் கண்ணில் அது படவில்லை. பட்டது இந்த மாசிக் குளிரில்தான். அரசுப் பண்ணையின் ஆண்டு விழா மலருக்காக ஒவ்வொரு ஊரும் தன் வரலாற்றையும் நிலவியலையும் நாலு பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும் என்று மாவட்டத்திலிருந்து காகிதம் வந்தது. புவியியல் டீச்சர் அவள் ஒருத்திதான், அதனால் அந்த வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். வரைபடம் போட்டுவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலையும் சிவப்புப் பென்சிலால் குறித்தாள். முப்பத்தேழு வீடு, முப்பத்தேழு சிவப்புப் புள்ளி, எல்லாம் ஒரே பக்கம். இந்தப் புல்வெளியில் காற்று வடக்கிலிருந்துதான் வரும், வந்தால் எலும்பை எண்ணிவிட்டுத்தான் போகும். அவள் அப்பாவின் ஊரில் நாய்க்குக் கட்டிய கூண்டு கூட தெற்கே பார்த்திருக்கும்.

மற்றதையெல்லாம் எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை. மேற்கே உப்பு ஏரி, கிழக்கே வைக்கோல் மேடு, மாவட்டத் தலைநகருக்கு எண்பத்து நாலு கிலோமீட்டர். முப்பத்தொன்றாம் வருஷம் இலையுதிர் காலத்தில் ஒன்பது குடும்பங்கள் வந்து குடியேறின. அந்த ஒன்பதுக்கும் தலைவர் அவள் மாமனார். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை, எழுதவும் அவளுக்குக் கை வரவில்லை. இடம் விட்டு வைத்தாள். புருஷன் தோக்சன் இரவு வந்து சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் தன் அப்பா பெயரை எழுதிக் கொடுத்தான்.

எழுத முடியாதது இரண்டு விஷயம். ஒன்று, ஊருக்குப் பெயர் கொடுத்த குருட்டுக் கிணறு. தெற்கே ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு பள்ளத்தில் இருக்கிறது என்று பழைய வரைபடம் சொன்னது. ஆனால் அங்கே போக ஒரு தடம் கூட இல்லை. அவள் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரும் ஊரை வரைந்தபோது தெற்குப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். இன்னொன்று இந்த வாசல்கள். அதைக் கேட்க அவள் பக்கத்து வீட்டு உம்சினிடம் போனாள். உம்சின் கடை வைத்திருப்பவள், ஐம்பது வயது, புருஷன் இல்லை, ஊரில் யார் வீட்டில் எத்தனை முறை தேநீர் கொதிக்கிறது என்பது வரை அவளுக்குத் தெரியும்.

"அக்கா, இந்த ஊர்ல மட்டும் ஏன் வாசலையெல்லாம் காத்து அடிக்கிற பக்கமா வச்சிருக்கீங்க?"

"ஏன்டி, ஏழு வருஷம் கழிச்சு இப்பதான் டீச்சரம்மாவுக்கு மூக்கு ஒழுகுதா?"

"மலர்ல எழுதணும்க்கா."

"எழுது. காத்தோட்டமான ஊருன்னு எழுது. படிக்கிறவன் சொக்கிப் போயிருவான்."

சொல்லிச் சிரித்தபடியே சர்க்கரையை நிறுத்தாள். நிறுத்த பிறகு இன்னும் ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டாள். உம்சினின் கை இப்படித் தாராளமாக நீண்டதை ஜெய்னெப் பார்த்ததே இல்லை.

"அப்போ ஆபீஸ் முன்னாடி தொங்குற தண்டவாளத்தைப் பத்தி எழுதலாமா?"

"அதை எழுதாத" என்றாள் உம்சின். இப்போது சிரிக்கவில்லை.

புல்வெளியில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கம்பத்தில் தண்டவாளத் துண்டு தொங்கும். பனிப்புயல் வந்தால் யாராவது ஒருவர் அதை விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே சிக்கியவனுக்குக் கண் தெரியாது, காதுதான் வழி. ஜெய்னெப்பின் அப்பா ஒரு குளிர்காலத்தில் ஒன்றரை நாள் அடித்து இரண்டு பேரை உயிரோடு வரவழைத்தவர், அவர் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த ஊரிலும் தண்டவாளம் இருந்தது. ஆனால் முதல் பனி விழுவதற்கு முன்பே பெரியவர்கள் வந்து, தொண்டை கட்டியவனுக்குத் துணி சுற்றுவது போல, அதைத் தடித்த கம்பளியால் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவார்கள்.

வியாழக்கிழமை காலை தோக்சன் சறுக்கு வண்டியில் குதிரையைப் பூட்டினான். கிணற்றுப் பள்ளத்துக்கும் அப்பால், தெற்குப் பட்டியில் இருந்த ஆடுகளுக்கு வைக்கோல் போய்ச் சேரவில்லை, கொண்டுபோக வேண்டியவன் குடித்துவிட்டுப் படுத்திருந்தான்.

"மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். கறியை வேகப் போடு."

"வானம் சரியில்லைங்க. நாளைக்குப் போங்களேன்."

"ஆடு கிட்ட நீ போய்ச் சொல்லு, நாளைக்குச் சாப்பிடுங்கன்னு." மகள் அய்பாலாவைத் தூக்கி மூக்கில் மூக்கை உரசினான். ஐந்து வயசு, அப்பன் செல்லம். "பாப்பா, அம்மா கறியைத் திருடித் தின்னா எனக்குச் சொல்லணும், சரியா?"

வண்டி வீட்டைச் சுற்றித் தெற்கே திரும்பியது. தெற்குச் சுவரில் ஜன்னலும் இல்லாததால் அவன் போவதை அவளால் பார்க்க முடியவில்லை.

பதினொரு மணிக்குக் காற்று நின்றது. அடுப்பில் குதிரைக் கறி மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது, வெங்காயமும் கொழுப்பும் சேர்ந்த வாசனை அறை முழுக்க இருந்தது, அய்பாலா தரையில் ஆட்டு முட்டியெலும்புகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள், ரேடியோவில் யாரோ விதைப்புத் திட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், இதெல்லாம் இருந்தும் வீட்டுக்குள் ஏதோ ஒரு சத்தம் குறைந்து போனது போல ஜெய்னெப்புக்குத் தோன்றியது. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் புகைபோக்கியிலிருந்து வந்த புகை மேலே போகாமல் கூரையில் வழிந்து தரையில் படுத்தது. அடிவானத்தில் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. ரேடியோ கரகரத்து ஓய்ந்தது. அவள் கொதிக்கும் சட்டியை மூடுவதற்குள் அந்தச் சுவர் ஊரைத் தாண்டிப் போயிருந்தது, கூடவே உம்சினின் கடையும் தெருவும் வேலியும் மறைந்து, கண்ணாடிக்கு வெளியே பால் ஊற்றியது போல ஒரு வெண்மை மட்டும் மிச்சம் இருந்தது.

மணி பன்னிரண்டு. ஒன்று. வீடு முழுக்க ஊளை. கூரையில் மணல் அள்ளி வீசுவது போலப் பனி விழுந்துகொண்டிருந்தது. ஜெய்னெப் சட்டிக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. பட்டியிலேயே தங்கியிருப்பான், புத்தியுள்ளவன், அங்கே அடுப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்கு வாசலில் ஏதோ மோதியது. வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையே குளிர்காலம் முழுக்கக் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். குதிரை. வண்டி பின்னால் கவிழ்ந்து இழுபட்டு வந்திருந்தது. தோக்சன் இல்லை, அவனுடைய ஒரு கையுறை மட்டும் ஏர்க்காலில் சிக்கியிருந்தது. குதிரையின் விலாவில் ரத்தம் உறைந்து சிவப்புக் கட்டிகளாகத் தொங்கியது. ஓநாய் என்று நினைத்துத் தடவிப் பார்த்தாள். ஓநாய்க்கடி அவளுக்குத் தெரியும், அது கிழிக்கும். இது சின்னச் சின்ன வட்டமாக இருந்தது. ஒரு வட்டத்துக்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவள் மகள் கோபம் வந்தால் கையில் பதிக்கிற பல்வரிசையும் இதே வடிவம்தான், அளவுதான் பெரிது.

அதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. அவன் நடந்து வருகிறான், கண் தெரியாமல், ஒரு கையில் உறை இல்லாமல். இன்னும் ஒரு மணி நேரம் தாங்குவான், கூட வேண்டுமானால் அரை மணி. அவனை வரவழைக்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது அவள் அப்பா செய்த வழி.

அய்பாலாவை அடுப்பு மேடையில் உட்கார வைத்தாள்.

"நான் வர்ற வரைக்கும் இறங்கக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் கதவைத் தொடக் கூடாது."

"அப்பா கூப்பிட்டா?"

"அப்பாவை நான்தான் கூட்டிட்டு வரப் போறேன்."

தொழுவத்துக் கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இன்னொரு முனையைக் கதவு வளையத்தில் முடிந்து, கையில் கோடரியோடு கிளம்பினாள். நாற்பது தப்படி தூரம். வேலியைத் தடவித் தடவி, முகத்தில் ஊசி குத்த, மூக்குக்குள் பனி அடைத்து மூச்சு திணற, கடைசியில் நெற்றியில் கம்பம் இடித்தது. கம்பளியை அறுத்தாள். மேல் சுற்று புதுசு. அதற்குக் கீழே பழசு. அதற்கும் கீழே மக்கிப்போனது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, பிய்த்து எடுத்தபோது பழுப்பாகப் பொருக்கு உதிர்ந்தது, அதில் நீளமாகப் பெண்ணின் முடி ஒட்டியிருந்தது. ஜெய்னெப் கண்ணை மூடிக்கொண்டு கோடரியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தாள்.

அந்த இரும்புக்கு நல்ல குரல். ஊளையைக் கிழித்துக்கொண்டு போனது. அடித்தாள், எண்ணாமல் அடித்தாள், தோள் மரத்துப் போகும் வரை அடித்தாள். ஒரு கட்டத்தில் காற்று தணிந்தது. ஓய்ந்துவிடவில்லை. யாரோ காது கொடுத்துக் கேட்பதற்காக மூச்சை அடக்கினது போலத் தணிந்தது. தெற்கிலிருந்து பதில் வந்தது. முதலில் எதிரொலி என்று நினைத்தாள். இல்லை, குரல்தான். ஆனால் ஒரு குரல் இல்லை.

காலை யாரோ பற்றினார்கள். அலறிக்கொண்டு கோடரியை ஓங்கினாள். கீழே வேலியோரமாகத் தவழ்ந்து வந்திருந்தது உம்சின், தலையில் துணி கூட இல்லை.

"நிறுத்துடி! நிறுத்து! யாரைக் கூப்பிடுற நீ?"

"என் புருஷன் வெளிய இருக்காருக்கா!"

"உன் புருஷனுக்கு மட்டுமா காது இருக்கு?" உம்சின் அவள் கையிலிருந்த கோடரியைப் பிடித்துத் தொங்கினாள். "முப்பத்திரண்டு பஞ்சத்துல இதைத்தான் அடிச்சாங்க. பட்டினிக் கும்பல் தெக்க இருந்து நடந்து வந்துக்கிட்டு இருந்துச்சு. புள்ள குட்டியோட. இங்கயும் ஒண்ணும் இல்ல, எங்கம்மா தோலை வேக வச்சுக் குடுத்தா. உன் மாமனார்தான் சொன்னாரு, இரும்பை அடிங்க, வருவாங்கன்னு. வந்தாங்கடி. இரும்புச் சத்தம் கேட்டா சோறுன்னு நெனச்சு ஓடி வந்தாங்க. ஒவ்வொரு வீட்டு வாசலும் அப்ப தெக்க பாத்துத் திறந்து இருந்துச்சு. கடவுள் அனுப்புன விருந்தாளி, உள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்க."

"அப்புறம்?"

உம்சின் கோடரியை விட்டாள். "அப்புறம் அந்தக் குளிர்காலம் எந்த வீட்லயும் பசி இல்ல" என்றாள். "தலையை மட்டும் கிணத்துல போட்டாங்க. எனக்கு எட்டு வயசு. குடுத்ததைத் தின்னேன். எனக்குத் தெரியும்டி, தெரிஞ்சேதான் தின்னேன்."

குரல்கள் பக்கத்தில் வந்துவிட்டன. பனியில் பல கால்கள் ஓடும் சத்தம். பசித்தவர்கள் சாப்பாட்டுக்கு ஓடுகிற ஓட்டம். உம்சின் வந்த வழியே தவழ்ந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெய்னெப் திரும்பினாள். இடுப்புக் கயிறு இறுகியது. வீட்டுப் பக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள், அவசரம் இல்லாமல், கை மாற்றி மாற்றி. தோக்சன் வந்துவிட்டான் என்று ஒரு நொடி அவள் மனசு குளிர்ந்தது. ஓடினாள், விழுந்தாள், கயிறு அவளை இழுத்துக்கொண்டே போனது. வாசலில் யாரும் இல்லை. கயிற்றின் மறுமுனை வளையத்தில்தான் இருந்தது. ஆனால் முடிச்சு அவள் போட்ட முடிச்சு இல்லை. அறுப்பதற்கு முன் ஆட்டின் மூன்று காலைச் சேர்த்துக் கட்டும் முடிச்சு.

கயிற்றை வெட்டினாள். உள்ளே பாய்ந்து தாழ்ப்பாள் போட்டாள். அய்பாலா மேடையிலேயே இருந்தாள். ஜெய்னெப் அவளைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை சூடாக இருந்தாள், அது போதும்.

"அம்மா, யாரோ சுவத்தைத் தட்டுறாங்க."

தட்டினார்கள். தெற்குச் சுவரை. மறைந்த மாமனார் பதக்கங்களோடு இருக்கும் படம் மாட்டியிருந்த இடத்துக்கு நேர் பின்னால். மரியாதையாக மூன்று தட்டு, கொஞ்சம் காத்திருப்பு, மறுபடி மூன்று தட்டு. சுண்ணாம்பு உதிர்ந்தது. படம் விழுந்து கண்ணாடி உடைந்தது. சுவரில் விரிசல் ஓடி, செங்கல் வைத்து அடைத்த ஒரு கதவின் அளவுக்கு நீள்சதுரமாகத் தெரிந்தது. தட்டு நின்றது. கைகள் சுவரைத் தடவிக்கொண்டு நகரும் சத்தம், கிழக்கு மூலை, பிறகு வடக்கு.

ஊரில் முதல் அலறல் கேட்டது. அப்புறம் இன்னொன்று, இன்னொரு வீட்டில். பக்கச் சுவர் ஜன்னலுக்கு ஓடினாள். காற்று ஒரு கணம் விலகியதில் கடை தெரிந்தது. கதவு உள்பக்கமாகப் பெயர்ந்து கிடந்தது. உம்சினைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், ஆறேழு பேர், ஒல்லியாக. அவள் கையை வாசற்படியில் ஊன்றினாள். ஒருத்தன் குனிந்து அந்தக் கையைக் கடித்தான். விரல்கள் படியிலேயே நின்றுவிட்டன, உம்சின் போய்விட்டாள். பனி மறுபடி மூடியது.

ஜெய்னெப் அழுதாள். சத்தம் வராமல் இருக்க தலைத்துணியின் நுனியைக் கடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளையைப் பெட்டிக்குள் வைக்கலாமா, பரணில் ஏற்றலாமா, ஓடலாமா. ஓட எங்கே இடம் இருக்கிறது.

கதவு தட்டப்பட்டது.

"ஜெய்னெப். நான்தான். திற."

அவன் குரல்தான். சந்தேகமே இல்லை. மூன்று மணி நேரமாக அவள் எதிர்பார்த்த குரல்.

"தனியாவா வந்திருக்கீங்க?"

"விருந்தாளிங்க வந்திருக்காங்க. வாசல்ல நிக்க வைக்காத."

திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். கதவுக்கு வெளியே புருஷன் உறைந்துகொண்டிருக்கிறான் என்பதும் தெரியும். தாழ்ப்பாளை எடுத்தாள்.

தோக்சன் வந்தான். ஒரு கை கறுத்துப் போயிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பின்னால் மூன்று பேர். ஒரு கிழவர், ஒரு நெட்டையன், துணி மூட்டை ஒன்றை மார்போடு ஆட்டிக்கொண்டே வந்த ஒரு பெண். அவர்கள் மேல் இருந்த பனி அடுப்புச் சூட்டில் உருகவில்லை. மூடிய குழியின் வாடை, பழைய சேறும் இரும்பும் கலந்தது, கறி வாசனையை விழுங்கிவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் கிழவர். வாசலுக்கு எதிரே, மூத்த விருந்தாளிக்கு உரிய இடத்தில் போய்ச் சம்மணம் போட்டார். கழுத்துத் துணியை அவிழ்த்தார். தொண்டை காதிலிருந்து காது வரை திறந்திருந்தது. உள்ளே காய்ந்து கறுத்திருந்தது.

"யார் வீடும்மா இது? உன் மாமனார் பேரு என்ன?"

மருமகள் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வழக்கத்துக்கு நன்றி சொன்னாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"பொண்ணு அடக்கமானவ" என்றார் கிழவர். பார்வை அடுப்பு மேடைக்குப் போனது. "நீ சொல்லு தாயி. நீ யாரு பொண்ணு?"

இந்த நாட்டில் பேச்சு வந்ததும் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஏழு தலைமுறை முப்பாட்டன்மார் பெயர். பெரியவர் கேட்டால் கடகடவென்று சொல்ல வேண்டும். சொன்னால் தலையைத் தடவுவார்கள், மிட்டாய் கிடைக்கும்.

"பாப்பா, வேணாம்" என்றாள் ஜெய்னெப்.

அய்பாலா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள், கைகட்டி, வகுப்பில் நிற்பது போல. "நான் அய்பாலா. எங்கப்பா தோக்சன். அவங்கப்பா ஷோயின்பெக்."

மிச்சம் ஐந்து பெயரையும் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

"இந்த வீடுதான்" என்றார் கிழவர், மற்ற இருவரிடம். "போன தடவை வந்தப்ப வாசல் அந்தப் பக்கம் இருந்துச்சு."

மூட்டைக்காரி மேடைப் பக்கம் நகர்ந்தாள். நகர்ந்து, மூட்டையைப் பிரித்து, உள்ளே இருந்த வெறும் குழந்தைச் சட்டையை அய்பாலாவின் உயரத்தோடு அளந்து பார்த்தாள்.

ஜெய்னெப்பின் கையில் கோடரி எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. குறுக்கே வந்த நெட்டையனின் தோளில் இறக்கினாள். முழு பலத்தோடு. எலும்பு முறிந்தது. கோடரி மார்பு வரை போனது. ரத்தம் வரவில்லை. பொடியாகப் பனி கொட்டியது. இழுத்தாள், மறுபடி வெட்டினாள். முகத்தில். தாடை தொங்கியது. மறுபடி. அவன் நகரவே இல்லை, பொறுத்துக்கொண்டான். பிறகு கோடரியை அவளிடமிருந்து வாங்கினான். தன் சட்டையில் துடைத்தான். தோக்சனிடம் நீட்டினான், பிடி அவன் பக்கமாக இருக்கும்படி.

"வீட்ல ஆடு இல்ல" என்றான் தோக்சன். குரல் தட்டையாக இருந்தது. "விருந்தாளி முன்னாடி வெட்டின தலையைத் தட்டுல வைக்காம எப்படி அனுப்புறது."

பெரிய தட்டை எடுத்துக்கொண்டான். ஜெய்னெப் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"போகாதீங்க. எங்கயும் போகாதீங்க."

அப்போதுதான் அவளைப் பார்த்தான். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே அவன் முழுசாக இருந்தான், எல்லாம் தெரிந்து இருந்தான்.

"அவங்க பாப்பாவைத்தான் கேட்டாங்க" என்று காதோடு சொன்னான். "நான் என்னைத் தர்றேன்னு சொல்லிட்டேன். காலை விடு புள்ள. மனசு மாறிரப் போறாங்க."

விட்டாள். அதற்காகத் தன்னை அவள் எந்தக் காலத்திலும் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் விட்டாள்.

நெட்டையனும் கூடப் போனான். நடைக்கதவு சாத்திக்கொண்டது. ஒரு அடி. தரை அதிர்ந்தது. இன்னொரு அடி. ஏதோ உதைத்தது, பலகையில் குதிகால் தடதடத்தது, நின்றது. அப்புறம் பொறுமையாக ஒரு சின்னச் சத்தம், அறுக்கும் சத்தம். ஜெய்னெப் மகளின் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றாள். தன் காதைப் பொத்த அவளுக்குக் கை இல்லை.

தட்டு வந்தது. ஆவி பறந்தது. வழக்கம் தவறாமல், முகம் விருந்தாளியைப் பார்க்கும்படி வைத்தார்கள். அடுப்பு மேடையிலிருந்து பார்த்தால் பின்தலை மட்டும்தான் தெரியும். கறுப்பு முடி, அதில் உருகும் பனி.

கிழவர் இரண்டு கையையும் ஏந்தித் துவா செய்தார். கத்தியை எடுத்தார். தலையைப் பெற்ற விருந்தாளி முதலில் காதை அறுத்து அந்த வீட்டின் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், பெரியவர் சொல்லைக் கேட்டு வளரட்டும் என்று. இந்தப் புல்வெளியில் எந்த வீட்டிலும் அதுதான் முறை. கிழவர் வலது காதை அறுத்தார். நுனி விரலால் பிடித்து நீட்டினார்.

"வா தாயி. வாங்கிக்க."

மூட்டைக்காரியின் கை ஜெய்னெப்பை அசைய விடாமல் பிடரியில் இருந்தது, ஐஸ் போல, மென்மையாக. பிள்ளை அவள் பிடியிலிருந்து நழுவினாள்.

"பெரியவங்க குடுத்தா வேணாம்னு சொல்லக் கூடாது" என்றார் கிழவர். "இங்கயே சாப்பிடணும். நாங்க பாக்கணும்."

அய்பாலா நல்ல பிள்ளை. இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டாள். நன்றி தாத்தா என்றாள். வாயில் வைத்தாள். கொஞ்சம் கடினமாக இருந்திருக்க வேண்டும், கடைவாய்ப் பல்லுக்குத் தள்ளிக்கொண்டு மென்றாள், முறையாக நடந்துகொள்கிறோமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே மென்றாள்.